எங்கள் அறையில் இறங்கிய ஆத்தா

அறுபதுகளில் ஒரு கோடையில் தாராவியில் பெரியம்மை பரவியது. அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். "அம்மா வந்திருக்கா" என்பதோடு சரி. கார்ப்பரேஷன் வண்டி வந்து தூக்கிப் போய்விடும் என்று நோயாளிகளை வீட்டுக்குள்ளேயே ஒளித்துவைத்தார்கள். சந்துக்குச் சந்து வேப்பிலை தொங்கியது.

தோல் கம்பெனியில் வேலை பார்த்த நாங்கள் நாலைந்து பேர் ஓர் அறையில் இருந்தோம். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். அதில் ஒருவன் புது மாப்பிள்ளை, பெண்டாட்டியை ஊரில் விட்டு வந்தவன். பக்கத்துப் பாயில் படுத்த கூட்டாளி அம்மையில் செத்ததிலிருந்து அவன் தூங்கவில்லை. கொப்புளம் வந்துவிட்டதா என்று கையையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் காலை உடம்பெல்லாம் உதற, பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தான்.

அறையில் மூத்தவரான அண்ணாச்சி மஞ்சள் தண்ணீர் தெளித்து, "ஆத்தா எறங்கியிருக்கா" என்றார். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் வாசலில் பெண்கள் பிள்ளைகளோடு அவன் கையால் விபூதி வாங்க நின்றார்கள்.

"அவன் பயந்து போயிருக்கான் அண்ணாச்சி. ஊருக்கு ரயிலேத்திருவோம்" என்றேன்.

"நீ வேதக்காரன். ஒனக்கு இது வெளங்காது, சும்மா கெட."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனுக்குப் பயம் எப்படி இருக்கும் என்று தெரியாதா என்ன?

மறுநாள் அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய ஊருல கொண்டு விட்டுருங்கண்ணே, இங்கன கெடந்தா செத்துருவேன்" என்று அழுதான். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். சந்து முனையில் பெண்கள் மறித்தார்கள்.

"ஆத்தாள எங்க கூட்டிட்டுப் போறீரு?"

ஒருத்தி என் காலில் விழுந்தாள். அவள் தோளில் கிடந்த பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. அவளைத் தாண்டி எப்படிப் போவது? திரும்பினோம்.

அதற்குப் பிறகு அவனைத் தனியே விடவில்லை. பலகை போட்டு, மாலை சாத்தி உட்காரவைத்தார்கள். பிள்ளை பிழைத்தால் அவன் புண்ணியம். செத்தால் ஆத்தாளுக்குக் கோபம் என்று அவனைப் பட்டினி விரதம் இருக்கவைத்தார்கள். சில நாளில் அவன் அழுவதை நிறுத்திவிட்டான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மழை பிடித்ததும் நோய் அடங்கியது. விபூதிக்கு ஒருவரும் வரவில்லை. அண்ணாச்சியே டிக்கெட் எடுத்து வந்து, "எந்திரிப்பா, ஊருக்குப் போவோம்" என்றார்.

அவன் பலகையை விட்டு எழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்: "நான் போனா நீங்க எல்லாரும் செத்துருவீங்களே, அண்ணாச்சி."