புரசங்கொம்பும் மோட்டார் ரூம் சுவரும்

"எம்புட்டு நீளம் வேணும்?" என்று செல்லக்கிளி அக்கா கேட்டார்.

"பையன் உயரத்துக்கு இருக்கணும். தலைமுடியை எட்டணும்னு வாத்தியார் சொல்லியிருக்கார்" என்றாள் அம்மா.

"எதுக்கு, மாடு மேய்க்கப் போறானா?"

"பூணூல் போட்டதும் கையில பிடிச்சுக்கணும். புரச மரத்துக் கொம்புதான் விசேஷமாம். கடையில இருக்கிறதெல்லாம் ஒரு முழம்தான்."

"சமயநல்லூர்ல எங்க அண்ணன் வயக்காட்டு ஓரத்துல புரசு நிக்குது. நான் கொண்டாரேன்."

"நிச்சயமா கிடைக்குமா?"

"மூணு வருசத்துல ஒருநாளாச்சும் டேங்க்குல தண்ணி இல்லாமப் போயிருக்கா?"

அம்மா உடனே வாத்தியாருக்குப் போன் போட்டு, கொம்புக்கு ஏற்பாடு ஆகிவிட்டது என்று சொன்னாள்.

கே.கே. நகரில் எங்கள் குடியிருப்பில் பதினாறு வீடுகள். மோட்டார் போடுவது, மாடிப்படி பெருக்குவது, கூரியர் வாங்கி வைப்பது எல்லாம் செல்லக்கிளி அக்காதான். வண்டியூரிலிருந்து காலை ஆறு மணிக்கு சைக்கிளில் வந்துவிடுவார். வந்ததும் யாரையாவது கேலி செய்தால்தான் அவருக்கு வேலை ஓடும். குழந்தைகளை மோட்டார் ரூம் சுவரில் நிறுத்தி, செங்கல் துண்டால் உயரத்துக்குக் கோடு போடுவார். எழுத நேரமாகும் என்று சொல்லி, பெயருக்குப் பதில் படம் போடுவார். என் தம்பி ஸ்ரீவத்சனுக்கு ஒரு கிரிக்கெட் மட்டை.

கொம்புக்கு அளவெடுக்க வந்தபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அக்கா யோசிக்கவே இல்லை. மட்டைக் கோட்டுக்குக் கயிறு பிடித்து, முடிச்சுப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தக் கோடு போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தோன்றவில்லை.

பூணூலுக்கு முந்தைய நாள் மாலை, பட்டை சீவி மஞ்சள் தடவிய கொம்பை ஈரத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தம்பியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், மூக்கு வரைக்கும்தான் இருந்தது.

கீழ்வீட்டு மரியராஜ் மாமா சும்மா இருக்கவில்லை. "என்ன செல்லக்கிளி, பதினாறு வீட்டுக்குத் தண்ணி அளந்து விடுற. ஒரு பையனை அளக்கத் தெரியலையே?"

"நாளைக்கு முடி எடுத்ததும் அவனே கொஞ்சம் குறைஞ்சிடுவான், விடு" என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. தம்பியை இழுத்துப் போய்ச் சுவரில் நிறுத்தினார். புதுக் கோடு, புது முடிச்சு. "வாக்குக் குடுத்தது நானு. காலையில வாரேன்" என்று சொல்லிவிட்டு சமயநல்லூர் பஸ் ஏறப் போய்விட்டார்.

மறுநாள் மண்டபத்தில் பூணூல் போட்டாகிவிட்டது. இடுப்பில் புல் கயிறும் கட்டியாகிவிட்டது. அக்காவைக் காணோம். போன் எடுக்கவில்லை. வாத்தியார் மாற்றாக வைத்திருந்த அரசங்குச்சியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா வாசலைப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்த டூவீலர் வந்தது. அண்ணன் பால்பாண்டி ஓட்ட, பின்னால் அக்கா கொம்பைக் குறுக்கே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் ஒரு கை நீளம் நீட்டிக்கொண்டிருந்தது.

"வழியில ஒரு பய முந்தலையே" என்றார் பால்பாண்டி. "அம்புட்டுப் பேரும் ஒதுங்கிட்டாங்க."

இந்த முறை ஒரு சாண் அதிகம். "இங்க வாரதுக்குள்ள இன்னும் வளந்துட்டான்னா?" என்றார் அக்கா. வாத்தியார் சிரித்துக்கொண்டே மிச்சத்தை வெட்டச் சொன்னார். "கொம்பு கொண்டுவந்தவாளுக்குத்தான் முதல் பந்தி" என்றும் சொன்னார். அக்கா இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தார்.

மூக்கு வரைக்கும் இருந்த கொம்பு வீணாகவில்லை. கீழ்த்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று இப்போது அக்கா அதை விட்டுத்தான் பார்க்கிறார்.

திங்கட்கிழமை நான் கல்லூரிக்குக் கிளம்பியபோது, மோட்டார் ரூம் வாசலில் மறித்து ஒரு மார்க்கர் பேனாவைக் கையில் கொடுத்தார்.

"நீ தமிழும் இங்கிலீசும் படிச்ச பிள்ள. எதுல வேணாலும் எழுது. மட்டைக்குப் போட்ட புதுக் கோடு இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல தேதியைப் போட்டு விடு. இனிமே யாருக்குக் கோடு போட்டாலும் கூப்பிடுவேன், வந்து எழுதிட்டுப் போகணும். இதுக பாட்டுக்கு வளருதுக, நானா பதில் சொல்றது?"