உப்பு பார்க்காத சூப்

கால் உடைந்தால் வலிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அலுக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. படுத்தே கிடப்பது அலுக்கும், பார்க்க வருகிறவர்களிடம் அதே விபத்தை முதலிலிருந்து சொல்வது அலுக்கும், எல்லாவற்றையும்விட நன்றி சொல்வது அலுக்கும். தண்ணீர் கொடுத்தால் நன்றி, தலையணையை நகர்த்தினால் நன்றி. ஒரு கட்டத்தில் எனக்குக் காலைவிட வாய்தான் அதிகம் வலித்தது.

ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது முச்சந்தியில் ஒரு கார் வந்து இடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுத்து உள்ளே கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். புண் மூடினால் எலும்பு மெல்லக் கூடிவிடும். மூடாமல் சீழ் உள்ளே இறங்கினால் கம்பியை எடுத்துவிட்டு மறுபடி அறுக்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் காலையே எடுக்க நேரலாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்தார்.

என் கணவர் லாரி ஓட்டுகிறவர். எதற்கும் சட்டென்று கலங்காத ஆள். அன்று என்னைச் சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டில் படுக்க வைத்துவிட்டு, நேரே தெலுக் இந்தான் பக்கம் தான் பிறந்த தோட்டத்துக்குப் போனார். அங்கே ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை போட்டு வெகுகாலமாகிவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களும் இல்லை, மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. அம்மன் முன்னால் நின்று, இவள் சொந்தக் காலில் நடக்கும்வரை என் வீட்டுக்குள் கவுச்சி நுழையாது, என் நாக்கிலும் படாது, நடந்ததும் திருவிழாவில் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தார்.

ஆட்டுக்கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நான் கல்யாணமான பிறகு கண்டதில்லை. அப்படிப்பட்டவர் வீட்டுச் சட்டிபானைகளை மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தார், பீரையும் நிறுத்தினார். எல்லாம் எனக்காக. அதற்கும் நன்றி சொன்னேன்.

அடுத்த நாள் அவருடைய அக்கா பெட்டியோடு வந்து இறங்கினார். குறை சொல்லக் கூடாது, என்னைக் குளிப்பாட்டியதும் துடைத்துவிட்டதும் அவர்தான், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவரிடம் பத்தியம் என்ற ஒன்று இருந்தது. முட்டையும் மீனும் கோழியும் ஏற்கெனவே வேண்டுதலில் போய்விட்டன. மிச்சமிருந்ததில் பருப்பு வாயு, கத்தரிக்காய் அரிப்பு, சோயா தௌஹு குளிர்ச்சி, பால் சளி, கடலை சீழ் வைக்கும். தம்பியின் வேண்டுதலும் அக்காவின் பத்தியமும் சேர்ந்து வடிகட்டியதில் எனக்கு வந்து சேர்ந்தது கஞ்சி, ரசம், பீர்க்கங்காய், சுட்ட அப்பளம். காலையில் அது, மதியம் அது, இரவுக்கும் அதுவே. நானும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன், பசி என்று ஒன்று இருந்தால்தானே.

புண் மூடவில்லை. கட்டுப் பிரிக்கப் போகும்போதெல்லாம் தாதி உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் என்னைச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் அனுப்பினாள். சின்ன வயது மலாய்ப் பெண். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். முந்தாநாள் என்றாள், அதே பதிலைச் சொன்னேன். எழுந்து வந்து, உடையாத காலின் தொடையைக் கையால் பிடித்துப் பார்த்தாள். அது தொளதொளவென்று கிடந்தது.

புண்ணை மூடப் புதுச் சதை வேண்டும், அதற்கு வேண்டியதை வாய் வழியாகக் கொடுக்காவிட்டால் உடம்பு தன் சதையையே பிய்த்துத் தின்னும் என்று அவள் சொன்னாள். அதாவது இத்தனை நாளும் நான் ரசத்தோடு என் தொடையைத்தான் தின்றுகொண்டிருந்தேன். வேண்டுதல் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. புண் என்றால் தன் அம்மாவும் முட்டை தரமாட்டார், எங்களிடமும் பந்தாங் என்று இதே பத்தியம் உண்டு என்றாள். பருப்பு, தௌஹு, பால் என்று நிறையச் சாப்பிட முடிந்தால் சைவத்திலேயே சமாளிக்கலாமாம். இரண்டு அகப்பை கஞ்சிக்கே திணறுகிற என்னால் முடியாது என்பதால், முட்டை, மீன், கோழி, கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் என்றாள்.

வெளியே காத்திருந்த கணவர் என்ன சொன்னாள் என்று கேட்டார். சத்தாகச் சாப்பிடச் சொல்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவரும் இளைத்துப்போயிருந்தார். உனக்காகக் கறியை விட்டேன் என்று நிற்கிற மனிதரிடம், நீ விட்டதால்தான் என் புண் ஆறவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்ததில் எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது. செய்யாத உதவியைக் கேட்டு வாங்கலாம். செய்த உதவியைத் திருப்பிக் கொடுப்பது பெரிய பாடு.

அடுத்த முறை கட்டுப் பிரித்தபோது ஆள் போதவில்லை என்று காலைத் தாங்கிப் பிடிக்க அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் அன்றுதான் புண்ணைப் பார்த்தார். குழியாக இருந்தது, ஓரத்தில் மஞ்சள் கட்டியிருந்தது. அடுத்த வாரம் டாக்டர் பார்த்து மறுபடி அறுப்பதா என்று முடிவு செய்வார் என்றாள் தாதி.

வண்டியில் திரும்பும்போது சொன்னார். "அம்மனுக்கு இது பத்தல போல. நாளையிலேர்ந்து ஒரு வேளதான் சாப்பிடப் போறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க பட்டினி கெடந்தா என் கால்ல சத வளருமா? இங்க பட்டினி கெடக்கறது நான்தான். எனக்கு மீன் வேணும்."

அழுதுவிட்டேன். சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் பசாருக்குப் போய், பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு உயிருள்ள ஹாருவான் மீன் வாங்கி வந்தார். ஊரில் விரால் என்பார்களே, அதுதான். அறுத்த புண்ணுக்கு ஹாருவான் என்பதில் மட்டும் இங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பழைய கேஸ் அடுப்பைத் தூக்கிப்போய்க் கார் நிறுத்தும் போர்ச்சில் வைத்தார். அக்கா பதறிப்போய், வாக்கை மீறினால் ஆத்தா சும்மா விடமாட்டாள் என்றார்.

"வீட்டுக்குள்ள வராதுன்னுதான்க்கா வேண்டுனேன். போர்ச் வெளியிலதானே இருக்கு."

அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்துவிட்டார். இவருக்கு மீன் கழுவத் தெரியும், சமைக்கத் தெரியாது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு முழித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சன்னல் கம்பிக்குள்ளிருந்து, இஞ்சியைத் தட்டிப் போடு, மிளகை அப்புறம் போடு என்று குரல் வந்தது.

சூப்பும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் என்னை நாற்காலியோடு தள்ளி வெளியே கொண்டுபோனார்கள். தெருவே பார்க்க, காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். வாய் கொப்பளித்த பிறகுதான் திரும்ப உள்ளே விட்டார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. உப்பு பார்க்க ஆள் இல்லை. அவர் நாக்கில் படக்கூடாது, அக்கா பக்கத்திலேயே வரமாட்டார். முதல் நாள் உப்புக் கரித்தது. அதிகம் என்றேன். மறுநாள் உப்பே இல்லை. கம்மி என்றேன். அதற்கடுத்த நாள் கரண்டியில் கொஞ்சம் எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டுச் சட்டென்று கீழே வைத்தார். நான் பார்த்துவிட்டேன். அன்று அது குடிக்க முடியாத உப்பு. சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். அந்த அளவையே அவர் கை பிடித்துக்கொண்டது.

தினமும் விடிகாலையில் சமைத்து, எனக்குக் கொடுத்து, தலைமுழுகிவிட்டு லாரி எடுக்கப் போவார். முட்டையும் போர்ச்சிலேயே வெந்தது. ஒரு நாள் கஞ்சிக்குப் பக்கத்தில் பருப்பும் வந்தது. வாயு என்று சொன்ன அக்காவே அதை வைத்துவிட்டுப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றார். அடுத்த முறையும் அப்படியே சொன்னார். குழி மேடேறியது, ஓரம் சிவந்தது, ஒரு நாள் தாதி கட்டுப் போடாமலே அனுப்பிவிட்டாள். மீன் ஆற்றியதா, மருந்து ஆற்றியதா, அம்மன் ஆற்றினாளா என்று வீட்டில் பேச்சு நடந்தது. நான் கலந்துகொள்ளவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது.

திருவிழாவில் செம்பனைகளுக்கு நடுவே அவர் பால்குடம் எடுத்தார். கைத்தடியை ஊன்றி விந்தி விந்தி நான் பின்னால் நடந்தேன். வெயில் தாங்கவில்லை, சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. ஆனால் காலில்தான் நடந்தேன்.

அக்கா ஊருக்குப் போன மறுநாள், கவுச்சியை ஹாருவானிலேயே தொடங்குவோம் என்று அவர் சமையலறையிலேயே சூப் வைத்தார். பழகிய கை, பழகிய அளவு. எனக்கு ஒரு கிண்ணம், அவருக்கு ஒரு கிண்ணம். முதல் வாயிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

"இதையா தெனமும் குடிச்ச?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா நீங்க நாக்குல வச்சுப் பாத்திருப்பீங்க."

தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தருகிறேன் என்று அவருடைய கிண்ணத்தை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. என் எதிரே உட்கார்ந்து, கண் கலங்கக் கலங்க, அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார்.