குண்டக்கல்லில் ஒரு அண்ணன்

செண்பகவல்லிக்கு நடந்த அநியாயத்தை நினைச்சா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. இந்த இருதயமேரி அடுத்த வீட்டு விசயத்துல மூக்கை நுழைக்கிற ஆளில்ல. ஆனா இதைச் சொல்லாம விட்டா நெஞ்சு ஆறாது.

தாராவியில நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல முறுக்குச் சுத்துதோம். அந்தச் சுவத்துல ஒரு காலண்டர், ஹம்பியில இருக்க கல்லுத் தேர் படம் போட்டது. வருசம் முடிஞ்சும் அதைக் கழட்ட விடமாட்டா செண்பகம். கல்யாணமாகி பம்பாய் வந்ததுல இருந்து அவ ரயில் ஏறினதெல்லாம் ஊர்ல கல்யாணத்துக்கும் எழவுக்கும்தான். "ஒரே ஒரு நாள், அந்தத் தேரைப் பாத்துட்டு வந்துரணும்க்கா"ம்பா.

அறுபத்தி நாலுல ஊருக்குப் போயிட்டுத் திரும்புறப்ப அவ புருசன் கோமதிநாயகம் சரின்னுட்டாரு. மில்லுல ஒரு நாள் லீவு பாக்கி இருந்துச்சு. ஹோஸ்பேட்டையில தங்கினா காலையில பஸ் ஏறி தேரைப் பாத்துரலாம். ஆனா நம்ம ஆளுக எங்க தங்குவாவ? சொந்தக்காரன் இருக்க ஊர்லதான! "ஹோஸ்பேட்டையில நமக்கு யாரு இருக்கா? குண்டக்கல்லுல பிரம்மநாயகம் அண்ணன் ரயில்வேயில இருக்காவ. அவுக வீடு இருக்கப்ப சத்திரத்துல படுத்தா அப்புறம் மூஞ்சியில முழிக்க முடியுமா?"ன்னு அங்கேயே இறக்கிட்டாரு. அங்க இருந்து ஹோஸ்பேட்டைக்கு இன்னொரு ரயில் புடிக்கணும், கேட்டியளா!

காலையில கிளம்பினா அண்ணன் வாசல மறிச்சிட்டாரு. "கை நனைக்காம போனா எனக்கு என்ன மரியாதை?" கோழி அறுத்தாச்சு. ரயில் போயிருச்சு. ஆம்பளைங்க ரெண்டு பேரும் பாய விரிச்சு ஊர்க்கதை பேசினாவ. செண்பகம்? அண்ணன் பொண்டாட்டி மாசமா இருக்கா, குனிய முடியாதுன்னு இவளை அம்மிக்கு முன்னால உக்கார வச்சாச்சு. "தேரு எங்க ஓடப் போவுது, அடுத்த தடவை பாரு"ன்னாராம் அவ புருசன், எலும்பைக் கடிச்சுக்கிட்டே. விருந்தாம் விருந்து! அடுத்த வீட்டு அடுப்பை ஊதவா அவ அங்க போய் இறங்கினா?

திரும்பி வந்து கோமதிநாயகம் தெருவெல்லாம் ராஜ உபசாரம்னு பீத்திக்கிட்டாரு. அவ முறுக்குச் சுத்துறப்ப என்கிட்ட மட்டும்தான் நடந்ததைச் சொன்னா. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது.

அடுத்த வருசம் என்கிட்ட வந்தா. "அக்கா, கூட வாரியளா? நேரா ஹோஸ்பேட்டைக்கே டிக்கெட் எடுப்போம்." நான் உடனே சரின்னுட்டேன். அவ பொட்டியக் கட்டுறப்ப கோமதிநாயகம் வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"அந்த ஊர்ல நமக்கு யாருட்டி இருக்கா?"

"யாருமில்ல. அதான் போறேன்."