பாட்டுக்குத் தலையாட்டினேன்

பாரிஸ் புறநகரான திரான்சியில் எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஆறு பேர். நானும் மனைவியும் மனம்விட்டுப் பேசுவது என் பெரிய மோட்டார் சைக்கிளில் போகும்போதுதான். அதில் ரேடியோ பூட்ட ஆசைப்பட்டது நான். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் வாங்கி, நானே வயர் இழுத்து, என் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் வைத்தேன்.

முதல் ஞாயிறு கடற்கரைக்குப் புறப்பட்டோம். தமிழ் வானொலியில் எனக்குப் பிடித்த பாட்டு. பின்னால் அவள் ஏதோ சொல்வது தெரிந்தது. பாட்டு முடியட்டும் என்று தலையாட்டிக்கொண்டே ஓட்டினேன். பிறகு கேட்க மறந்துபோனேன்.

மூன்று கிழமை கழித்து மேசையில் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றைக் கண்டேன். அவள் மார்பில் இருந்த கட்டியைச் சோதித்திருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனானே. நீங்கள் தலையாட்டினீங்கள். பிறகு ஒண்டும் கேக்கேல்லை. அதான் தனியப் போயிட்டு வந்தனான்."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ரேடியோவைக் கழற்றப் போனேன். "இருக்கட்டும்" என்றாள். அதன் சுவிட்சைப் பின்சீட்டில் அவள் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றினேன். பேசி முடிந்ததும் அவள்தான் போட வேண்டும்.

போன ஞாயிறு, கடல் தெரியும்வரை அவள் அதைப் போடவேயில்லை.