மலைக்கு அலைவரிசை பிடித்த கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு, நல்ல மழை பிடித்த ஓர் ஆடி மாதம். போடிநாயக்கனூர் பக்கம் சிலமலையில் எங்கள் வீடு. நான் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவள். மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்தைத் தம்பி கவனித்துக்கொள்கிறான். அங்கே செல்போன் சிக்னல் கிடையாது. அந்த மழையில் காய் எடுக்க வந்த பெண் ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. ஜீப்பைக் கூப்பிட ஒருவர் சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவு வரை ஓடினார். நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அந்தப் பதற்றம் எனக்குத் தீரவே இல்லை. எங்கள் மொட்டை மாடியில் நின்றால், தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரின் தகரக்கூரை நேராகத் தெரியும். இங்கிருந்து அங்கே வைஃபையை அனுப்பினால் என்ன? வைஃபையைத் தொலைவுக்கு அனுப்பும் பழைய ரேடியோப் பெட்டிகள் இரண்டு வாங்கி, நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் மாட்டினோம். இணைப்பு வந்தது. ஆனால் ஊர் வைஃபை எல்லாம் மொய்க்கும் அலைவரிசை அது. பேச்சு பாதியில் அறுந்தது. நெரிசலில்லாத வேறொன்றுக்கு மாற்றினால், 'இந்த நாட்டில் அனுமதி இல்லை' என்று டிரைவர் மறுத்தது. கணினிக்கும் ரேடியோவின் சில்லு என்னும் சிப்புக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் மென்பொருள்தான் டிரைவர். நான் போட்டிருந்தது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய வகை.

தம்பிக்குப் பொறுமையில்லை. "மறிக்கிற வரிய அழிச்சு விடுக்கா, சோலி முடிஞ்சது. மலையில யாரு வந்து பாக்கப் போறா?"

எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனாலும் அந்த டிரைவரைப் பராமரிப்பவருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினேன். ஏதோ குளிர் நாட்டுக்காரர். நீளமாகப் பதில் போட்டார். சில அலைவரிசைகளில் வானிலை ராடார்கள் இயங்குகின்றன, கண்டபடி அனுப்பினால் அவற்றுக்கு இடைஞ்சல் என்றார். திறந்த மென்பொருள்காரர்கள் விதியை மீறுகிறார்கள் என்று பேர் வந்தால் கம்பெனிகள் சில்லையே பூட்டிவிடும், அப்புறம் தன்னைப் போன்றவர்களால் டிரைவரே எழுத முடியாது என்றார். கடைசியில், "உங்கள் நாட்டு விதியை நீங்கள் படித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தார்.

எங்கே படித்தேன்! அதற்கப்புறம்தான் அரசிதழைத் தேடி எடுத்து வரிவரியாகப் படித்தேன். எனக்கு வேண்டிய அலைவரிசையை, குறிப்பிட்ட சக்திக்குள் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று அரசு எப்போதோ திறந்துவிட்டிருந்தது! டிரைவர் பார்க்கும் நாடுவாரி விதித்தொகுப்பில்தான் பழைய விதியே இருந்தது.

ஆதாரத்தோடு அவருக்குத் திருத்தம் அனுப்பினேன். திரும்பி வந்தது. அவசரத்தில் சக்தி அளவைத் தப்பான அலகில் எழுதியிருந்தேன். அவர் கோபிக்காமல் சுட்டிக்காட்டினார். சரிசெய்து மறுபடி அனுப்பினேன். "ஏற்றுக்கொண்டோம், நன்றி" என்று பதில் வந்ததும் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்!

புதிய தொகுப்பைப் பெட்டிகளில் ஏற்றிவிட்டு, மாடியில் குடையோடு காத்திருந்தோம். போன் அடித்தது. தோட்டத்து வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் கங்காணி, அந்த இணைப்பு வழியாகவே அழைத்தார்.

"தாயி, பக்கத்துல நின்னு பேசுற மாதிரியில்ல இருக்கு! இங்க மழை கொட்டுது, கேக்குதா?"

தகரத்தில் மழை விழும் சத்தம் வரை கேட்டது. தம்பி குடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஈரத்தில் குதித்தான். அதற்கப்புறம் ஜீப்புக்காக யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில மாதம் கழித்து, நம் நாட்டின் வடக்கே ஒரு பனிமலைக் கிராமத்து ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல். மென்பொருளைப் புதுப்பித்ததும், அதே தடையில் நின்றிருந்த அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு இணைப்பு வந்துவிட்டதாம். திருத்தத்தின் கீழே என் பெயரைப் பார்த்து எழுதியிருந்தார். முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் மாடியிலிருந்து ஒரு வழி திறந்தது என்ற நினைப்பு, குறுக்கு வழியில் வேலையை முடிக்கத் தோன்றும்போதெல்லாம் இன்றும் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.