ஞாயிற்றுக்கிழமை வராத தலைவலி

காலை பதினொரு மணிக்கெல்லாம் யாரோ அவள் தலையில் பெல்ட் மாட்டி இறுக்குவது போலிருக்கும். சட்டைத் தொழிற்சாலையின் மடிப்புப் பிரிவில் அவளுக்கு ஒன்பதாவது வருஷம். மணிக்கு அறுபது சட்டை. மடித்து, காலருக்கு அட்டை வைத்து, ஐந்து குண்டூசி குத்தி உறையில் போட வேண்டும். இரண்டு கையும் சட்டையில் இருப்பதால் ஊசிகள் பல்லிடுக்கில். எல்லாப் பெண்களும் அப்படித்தான். சூப்பர்வைசருக்கு அதில் பரம திருப்தி.

“வாயில ஊசி இருந்தா வம்பு பேச முடியாதுல்ல?”

தலைவலி என்று போனால் மாத்திரை தாராளமாகக் கொடுப்பார்கள். பத்து நிமிஷம் உட்காரத்தான் நாற்காலி கிடைக்காது.

கண்ணாடியை மாற்றிப் பார்த்தாள். தைலத்தைப் பூசிப் பூசி நெற்றி எரிந்ததுதான் மிச்சம். மூளையில் கட்டி என்று நாலு மாசமாக ஒரே நினைப்பு. மகளின் பள்ளிக்கூட உடுப்பைத் தேய்க்கும்போதும், நமக்கப்புறம் யார் தேய்ப்பார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்தார், முழங்காலைத் தட்டினார், கழுத்தை அழுத்தினார். அவள் துள்ளினாள்.

“பயப்படற மாதிரி எதுவும் தெரியலை. கழுத்தும் தாடையும் கல்லாட்டம் இருக்கு. தசை இறுகி வர்ற வலின்னு நினைக்கிறேன். மாத்திரையைத் தினமும் முழுங்காதீங்க, அதுவே வலியை இழுத்துட்டு வரும். ரெண்டு வாரம் எப்போ வலிக்குது, அப்போ என்ன செஞ்சீங்கன்னு எழுதிட்டு வாங்க.”

‘நினைக்கிறேன்’ என்ற அந்த ஒரு வார்த்தை அவளைப் படுக்க விடவில்லை. எழுதினாள்.

ஒரு வாரம் கழித்து, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் நோட்டைப் புரட்டினான்.

“திங்கள் பதினொண்ணு, செவ்வாய் பதினொண்ணு... ஞாயித்துக்கிழமை மட்டும் காணோமே! உன் கட்டிக்கு வார லீவு உண்டா?”

“உங்களுக்கு எல்லாமே கேலிதான்.”

அடுத்த ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு வலி வந்தது. போச்சு, லீவையும் பிடுங்கிக்கொண்டது என்று பதறினாள். நோட்டை எடுத்து வரச்சொல்லி மகளைக் கூப்பிட்டாள்.

“அம்மா, ஊசியை எடுத்துட்டுப் பேசு. ஒரு எழவும் புரியலை!”

ஜன்னல் திரைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். பல்லிடுக்கில் ஆறு குண்டூசி. உள்ளங்கையில் துப்பினாள். தாடையைத் திறக்கவே வலித்தது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகை. பிறகு ஆத்திரம், அதுதான் அடங்கவே இல்லை. ஒன்பது வருஷம் பல்லைக் கடிக்க வைத்துவிட்டு, மாத்திரையைத் தானம் போல நீட்டினார்களே!

திங்கட்கிழமை மணிக்கட்டில் ஸ்பாஞ்சு கட்டி, ஊசிகளை அதில் குத்திக்கொண்டாள். கை பழகவில்லை. முதல் மணி நேரத்தில் நாற்பத்தேழு சட்டைதான். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

“இதென்ன வளையலா? கழட்டு.”

“மாட்டேன் சார். ஊசியைக் கடிச்சுக் கடிச்சுத்தான் எனக்குத் தலை வலிக்குது.”

“அறுபது வரலேன்னா நாளைக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்.”

“பாருங்க. வர்ற ஆளுக்கும் தலைன்னு ஒண்ணு இருக்கும்ல?”

மேசையின் மறுபுறத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் பிரிவிலேயே மூத்த அக்கா, ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

“ஏண்டி, அந்த ஸ்பாஞ்சுல எனக்கும் ஒரு துண்டு குடு.”

நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, அவள் தன் மணிக்கட்டிலிருந்த ஸ்பாஞ்சை அவிழ்த்து இரண்டாகப் பிய்த்தாள்.