இடப்பக்கம் திரும்பிய தங்கக் கோடுகள்

மாரி மழையில் வாவி எங்கள் முற்றத்துக்குள் ஏறியபோது என் கணவரின் வேன் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. எஞ்சினைக் கழுவித் துடைத்து ஓட வைத்துவிட்டார்கள். கியர் மட்டும் மாறவில்லை. அது தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் வேன். அந்த வேலையைப் பார்க்கும் சின்னக் கொம்பியூட்டர் பெட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது.

அதே பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கடைசியில், வெளிநாட்டில் யாரோ ஒருவர் வீட்டிலேயே செய்துகொள்ளும்படி வரைந்து இணையத்தில் போட்டிருந்த ஒன்றைக் கணவர் தேடிப் பிடித்தார். வெறும் மின்சுற்றுப் பலகை ஒன்றும், ஒரு பை நிறைய உதிரிகளும் தபாலில் வந்தன. பையை என் முன்னால் வைத்துவிட்டு, இது உனக்குத் தெரிந்த வேலைதானே என்றார்.

தெரிந்த வேலைதான். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் கொழும்புப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இப்படிப்பட்ட பலகைகளுக்கு ஈயம் உருக்கிச் சோல்டர் வைத்தவள் நான். எனக்குப் பக்கத்து மேசையில் கதிரவெளியைச் சேர்ந்த ஒருத்தி இருந்தாள். விடுதியிலும் பக்கத்துப் பாய். அவள் இடக்கைக்காரி. ரெசிஸ்டர் என்ற சின்ன உதிரிகளைப் பொருத்தும்போது அவற்றின் ஓரத்துத் தங்கக் கோடு வலப்பக்கம் வரவேண்டும் என்பது அங்கே விதி. மாற்றிப் போட்டாலும் வேலை செய்யும். பார்வைக்கு ஒரு ஒழுங்கு, அவ்வளவுதான். அவள் கை மட்டும் எப்போதும் இடப்பக்கமே வைக்கும். அவற்றின் கம்பிக் கால்களை வளைக்கக் குறடும் எடுக்கமாட்டாள். விரலாலேயே வளைப்பாள். அதனால் அவள் வளைவுகள் கூராக இல்லாமல் உருண்டிருக்கும். மேற்பார்வையாளர் இதற்காக அவளைத் திட்டாத நாளில்லை.

கணவர் பகலில் வேறொருவரின் வேன் ஓட்டப் போனார். வீட்டில் நான் மட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாவியைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே மேசையைப் போட்டு வேலையைத் தொடங்கினேன். முதல் நாள் பத்து ரெசிஸ்டர்கள். முடித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பத்திலும் தங்கக் கோடு இடப்பக்கம். பலகையைத் தலைகீழாக வைத்திருக்கிறேன் போல என்று நினைத்தேன். எழுத்துகளைப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தன.

மறுநாள் கவனமாக, ஒவ்வொன்றையும் வாய்விட்டு "வலம்" என்று சொல்லிக்கொண்டே வைத்தேன். நாலு சரியாக வந்தன. வெக்கை. தகரக் கூரை வெடித்து வெடித்து ஒலித்தது. வாவி அசையாமல் கிடந்தது. சோல்டர் கோலின் வயரைக் கழற்றிவிட்டுக் கையில் தலையைச் சாய்த்தேன். எழும்பியபோது சுவரில் வெயில் ஒரு முழம் நகர்ந்திருந்தது. பலகையில் அந்த நாலுக்குப் பக்கத்தில் இன்னும் எட்டு. எல்லாம் இடப்பக்கம். எல்லாம் உருண்ட வளைவு. கோலின் வயர் கழற்றியபடியேதான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு ஆறவில்லை.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அறை அறையாகப் பார்த்தேன். கிணற்றடியையும் பார்த்தேன்.

வந்து உட்கார்ந்த பிறகுதான் எரிச்சல் தெரிந்தது. வலது சுட்டு விரல் நுனியில் ஒரு கொப்புளம். நான் கோலை வலக்கையில் பிடிப்பவள். சூடு படுவதென்றால் சோல்டர் கம்பி பிடிக்கும் இடக்கையில்தான் படும். அந்தத் தழும்புகள் இன்றும் இடக்கையில்தான் இருக்கின்றன. வலது விரல் சுடவேண்டுமானால் கோல் இடக்கையில் இருந்திருக்கவேண்டும். வேறு யாரும் வரவில்லை. செய்தது என் கைதான். ஆனால் அந்தப் பழக்கம் என்னுடையது இல்லை.

வெள்ளிக்கிழமை பலகை முடிந்தது. மீற்றர் வைத்து ஒவ்வொரு பொட்டாகச் சோதித்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. என் சோல்டரைவிட அந்தச் சோல்டர் நன்றாக இருந்தது. கணவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் மடிக்கணினியிலிருந்து புரோகிராமை ஏற்றி, வேனை ஜாக்கியில் தூக்கி ஓட்டிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் வழுக்கிக்கொண்டு மாறியது.

தூரமாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம், எங்கே போவது என்று கேட்டார். கதிரவெளி என்றேன்.

வழியில்தான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மத்தியானங்களில் நடந்ததிலிருந்து. தொழிற்சாலையில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். நான் வைத்த சோல்டர் ஒரு தட்டுப் பலகை முழுக்கப் பிடிக்காமல் போயிற்று. தட்டு எப்படியோ அவள் மேசைப் பக்கம் போய்விட்டது. அது யாருடையது என்று கேட்டார்கள். நான் குனிந்துகொண்டேன். இடக்கைக்காரி என்று அவளுக்கு ஏற்கெனவே கெட்ட பெயர். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. பிறகு அரபு நாட்டுக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். சில வருடங்களுக்கு முன் பஸ்ஸில் அவள் ஊர்ப் பெண் ஒருத்தியிடம் விசாரித்தபோது, "அவ இப்ப இல்ல" என்றாள். செத்துப்போனாள் என்று எடுத்துக்கொண்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை. மனதுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அதையும் சொன்னேன்.

பனிச்சங்கேணிப் பாலத்தில் கணவர் வேகத்தைக் குறைத்தார். கியர் தானாக இறங்கியது.

அவள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அக்காக்காரி வாசலுக்கு வந்தாள். தொழிற்சாலைச் சிநேகிதி என்று சொல்லி, செத்த வீட்டுக்கு வரமுடியாமல் போயிற்று என்று இழுத்தேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"ஆர் செத்தது? உள்ளதான் இரிக்கா."

அரபு நாட்டிலேயே வைத்துப் பக்கவாதம் வந்து, வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய், போன வருடம்தான் திருப்பி அனுப்பினார்களாம். உள்ளே கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமயிர் பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை.

இடக்கை நல்லாயிருக்கிறதா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

"கை நல்லம்தான். இந்தக் கிழமைதான் புதினம்," என்றாள் அக்கா. "மத்தியானமானா விரலை மடக்கி மடக்கி எதையோ வளைக்கிற மாதிரி. கூப்பிட்டாலும் திரும்புறல்ல. நாங்க பயந்து போயிற்றம். வெள்ளிக்கிழமையோட நிண்டிற்று."

என் கணவர் வாசல் பக்கம் எழுந்து போய்விட்டார்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தத் தட்டு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. அக்காதான் பதில் சொன்னாள்.

"அது அவவுக்கு அண்டைக்கே தெரியும். வீட்ட வந்த உடன சொன்னா."

"பிறகு ஏன் அங்க ஒண்டும் சொல்லல்ல?"

"நானும் கேட்டன். அவளுக்குக் கீழ மூணு புள்ளையள் இரிக்கு, எனக்கு ஊர்ல கடலாவது இரிக்கு எண்டா."

எனக்குக் கீழே மூன்று தம்பி தங்கைகள் என்பது உண்மைதான். ஒரு இரவில் பாயில் படுத்துக்கொண்டு நான் சொன்னது. அவள் அதை மனதில் வைத்திருந்தாள்.

இப்போது மாதம் ஒருமுறை போகிறேன். அந்த மத்தியானங்களைப் பற்றி அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை. சிநேகிதியின் விரல்களும் பிறகு அப்படி எதையும் வளைக்கவில்லையாம். போனமுறை அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டேன். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் எப்படித் திருப்புவது என்று நான் யோசிக்கும்போதே, கேளாமலே, தலையைத் திருப்பித் தந்தாள்.